சமயப் படமும் சாட்சி விசாரணையும்
(யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடைபெற்ற கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வாசகம்)



உலகத்திலே சைவர்கள் எத்தனை பேர்? இக்கேள்வியை இன்று ஒரு பள்ளி மாணவனிடம் கேட்டால் அவன் சிந்தித்துக்கொண்டு நிற்கமாட்டான். சட்டைப் பையிலிருக்கும் கைத்தொலைபேசியை எடுப்பான், இணையத்தில் தேடுவான், ஏறக்குறைய 25 கோடி என்று விடை கூறுவான். இன்னும் துருவினால், இந்துக்களில் நூற்றுக்கு 67.6 பேர் வைணவர், 26.6 பேர் சைவர் என்று தசமப் புள்ளியோடு எடுத்துரைப்பான். கேட்டவர்கள் வாயடைத்துப் போவார்கள். தசமப் புள்ளிக்கு அத்தகைய கம்பீரம் உண்டு.

ஆனால், நண்பர்களே, இக்கணக்கை எடுத்தவர் யார்? உலக இந்துக்களில் மிகப் பெரும்பாலோர் வாழும் நாடு இந்தியா. அந்நாட்டின் 2011ஆம் ஆண்டுத் தொகைமதிப்புப் படிவத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், சமணர் என ஆறு சமயங்களுக்கு எண்கள் இடப்பட்டிருந்தன. ஏனையோர் தத்தம் சமயப் பெயரை எழுதலாம். "நீர் சைவரோ வைணவரோ" என்ற கேள்வி அப்படிவத்தில் இல்லை. நமது இலங்கையின் படிவத்திலும் 'இந்து' என்ற ஒரே சொல்தான் உளது; நாவலர் பெருமான் வாழ்நாளெல்லாம் பேணிய சைவம் என்ற பெயருக்கு அங்கே இடமில்லை. ஒருவரும் படலையைத் தட்டிக் கேளாத கேள்விக்குத் தசமப் புள்ளியோடு விடை வந்த விந்தை இதுதான்! கார்த்திகையில் திருவண்ணாமலைக்கும், புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாள் கோயிலுக்கும், ஆடியில் மாரியம்மன் கோயிலுக்கும் செல்லும் தமிழ்நாட்டுக் குடும்பமொன்றை அந்த 67.6இல் வைப்பதா, 26.6இல் வைப்பதா என்பதை யார் தீர்மானித்தார்?

நாம் சட்டம் பயின்றவர்கள். ஒரு காணி வழக்கில் உறுதியைக் கையில் தந்தால், அதன் முந்திய உறுதி எங்கே, அதற்கும் முந்தியது எங்கே என்று தேடிச் செல்வது நமது தொழில். அவ்வாறே இவ்வெண்ணின் உரித்து வழியையும் தேடிச் செல்வோம். இணையக் கலைக்களஞ்சியத்தின் அடிக்குறிப்பு, டொட் ஜோன்சன், பிரையன் கிரிம் என்ற இருவர் 2013இல் வெளியிட்ட நூலொன்றைச் சுட்டுகிறது. அந்நூல் உலகச் சமயத் தரவுத்தளம் என்னும் தொகுப்பை ஆதாரமாகக் கொண்டது. அத்தொகுப்பின் வேர், டேவிட் பாரெட் என்பவர் 1982இல் வெளியிட்ட உலகக் கிறிஸ்தவக் கலைக்களஞ்சியத்தில் இருக்கிறது. பாரெட், கென்யாவில் ஊழியம் செய்த ஆங்கிலிக்கன் குருவானவர்.

அவரை நாம் குறை கூற வரவில்லை. கணினி இல்லத்துக்கு இல்லம் வராத காலத்திலே, உலக நாடுகள் அனைத்தினதும் சமய விபரங்களைத் திரட்டிய அவரது உழைப்பு அசாத்தியமானது. ஆயினும் அவர் தேடிய பொருள் யாது? நற்செய்தி எந்த நாட்டை எட்டியது, எந்த நாட்டை இன்னும் எட்டவில்லை என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. அந்த நோக்கத்துக்கேற்ற நுணுக்கம் அந்நூலில் இருக்கிறது. அதன் 2001ஆம் ஆண்டுப் பதிப்பு, கிறிஸ்தவத்தின் உட்பிரிவுகளை 33 ஆயிரத்துக்கு மேல் எண்ணிக் காட்டிற்று. நமது வைரவரும், அண்ணமாரும், கண்ணகையம்மனும், நாச்சிமாரும் ஒரே நிரலுக்குள் அடங்கிப்போயினர். தன் வளவின் மூலை முடுக்கெல்லாம் வீட்டுக்காரன் அறிவான். அயலவன் வளவை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்ப்பான். இது குற்றமன்று; ஆனால் வேலிக்கு வெளியே நின்றவரின் வரைபடத்தைக் கொண்டு வளவுக்குள் எல்லை பிரிக்க முற்படுவது தவறு.

இன்னுமொன்று. ஓர் இணையத்தளத்தில் கண்ட எண்ணை நம்பாதவன் இரண்டாவது தளத்தைப் பார்க்கிறான், மூன்றாவதையும் பார்க்கிறான். மூன்றும் ஒரே எண்ணைக் கூறியதும் சந்தேகம் தீர்ந்தது என்று எண்ணுகிறான். மூன்றும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை என்பதை அவன் அறியான். ஒரே உறுதியின் நான்கு பிரதிகளை மன்றில் வைத்தால் நான்கு உறுதிகள் ஆகிவிடுமா?

எண்களைத் திரட்டுவோர் அனைவரும் அசட்டையானவர்கள் என்று நாம் கூறுவதாக எவரும் கருதவேண்டாம். மிகுந்த கவனத்தோடு பணிபுரியும் நிறுவனமொன்றின் கணக்கையே எடுத்துக் காட்டுவோம். அமெரிக்காவிலுள்ள பியூ ஆய்வு நிறுவனம், 2010ஆம் ஆண்டுக்குரிய உலகச் சமயக் கணக்கை 2012 டிசம்பரில் வெளியிட்டது. உலகில் பௌத்தர் 48 கோடியே 80 லட்சம் என்று அதிற் கண்டது. அதே நிறுவனம் 2025 ஜூனில் புதிய அறிக்கையொன்றை வெளியிட்டது. 2020இல் பௌத்தர் 32 கோடியே 40 லட்சம் என்றும், பத்தாண்டுகளில் 1 கோடியே 90 லட்சம் பேர் குறைந்தனர் என்றும் அது கூறுகிறது. அப்படியானால் 2010இல் இருந்தோர் 34 கோடியே 30 லட்சம் ஆகின்றனர். அதே நிறுவனம், அதே 2010ஆம் ஆண்டு, அதே பௌத்தம். இரண்டு கணக்குக்கும் இடையே 14 கோடியே 50 லட்சம் பேர் வித்தியாசம்! இலங்கையின் மொத்தச் சனத்தொகையைப் போல் ஆறு மடங்குக்கு மேல். இவர்களில் ஒருவரேனும் மதம் மாறியதால் வந்த வித்தியாசமன்று இது. ஒருவரை ஒரு பூதம் விழுங்கவுமில்லை.

வித்தியாசத்தின் பெரும்பகுதி சீனத்தைக் கணக்கிட்ட முறையில் உளது. சீன மொழியில் மதம் என்பதற்கு வழங்கும் 'சோங்ஜியாவ்' என்ற சொல், பெரும்பாலும் அமைப்பும் மடமும் குருமாரும் உடைய மதத்தையே குறிக்கும். "உமது மதம் யாது" என்று அச்சொல்லால் வினவினால், வயது வந்தோரில் பத்துக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு மதத்தின் பெயரைக் கூறுகிறார். "புத்தரையோ போதிசத்துவரையோ நம்புகிறீரா" என்று வினவினால் மூவரில் ஒருவர் ஆம் என்கிறார். புத்தர் சிலை முன்னே ஊதுபத்தி கொளுத்திவிட்டு, எனக்கு மதமில்லை என்று கூறுவதில் அம்மனிதருக்கு முரண்பாடு ஏதும் தோன்றுவதில்லை. இவரைப் பௌத்தர் என்பதா, மதமிலி என்பதா? முதற் கணக்கில் ஒரு பக்கமும் இரண்டாம் கணக்கில் மறுபக்கமும் அவர் நிறுத்தப்பட்டார். இந்த மாற்றத்தை அந்நிறுவனம் ஒளிக்கவில்லை; தனது அறிக்கையில் விளக்கியே எழுதியுள்ளது. ஆனால் விளக்கம் அறிக்கையோடு நின்றுவிட, எண் மாத்திரம் ஊரெல்லாம் சுற்றுகிறது. "பௌத்தம் அழிகிறது" என்று ஒருவர் அலறுவதற்கும், "எமது சமயம் வளர்கிறது" என்று வேறொருவர் மார்தட்டுவதற்கும் அது போதுமாயிருக்கிறது. நமது நாட்டில் இத்தகைய அலறலுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை இச்சபைக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

யப்பானியரின் கதை வேறு. அங்கே அரசாங்கம் வெளியிடும் சமய ஆண்டு நூலில், சமய அமைப்புகள் தாமே அறிவிக்கும் அங்கத்தவர் தொகையைக் கூட்டினால் சுமார் 18 கோடி வருகிறது. நாட்டின் சனத்தொகையோ 12 கோடி சொச்சம். ஷிந்தோக் கோயிலும் தன் அயலாரை எண்ணுகிறது. பௌத்த விகாரையும் அதே அயலாரை எண்ணுகிறது. ஒருவர் ஒரு சமயத்துக்கு மாத்திரமே உரியவர் என்ற விதி உலகம் முழுவதற்கும் பொதுவன்று. எனினும் நாம் காணும் சமயப் படங்கள் யாவும் அந்த விதியின் மேலேயே வரையப்படுகின்றன.

கேள்வியின் வாசகம் விடையை ஆக்கும் என்பதற்குச் சட்டத்தரணிகளுக்கு உதாரணம் தேவையில்லை. பிறருக்காக ஒன்று. 2001 ஏப்ரல் 29ஆம் திகதி இங்கிலாந்திலும் வேல்சிலும், "உமது மதம் யாது" என்று கேட்டனர். அதே நாளில் ஸ்கொத்லாந்தில், "எந்த மதத்தை அல்லது சமய அமைப்பைச் சேர்ந்தவர்" என்ற கருத்தில் கேட்டனர். மதமில்லை என்றோர் முன்னதில் நூற்றுக்கு 14.8, பின்னதில் 27.5. இரு நாட்டாரின் இயல்பு வேற்றுமையும் இதிற் கலந்திருக்கலாம். ஆயினும் கேள்வியின் பங்கை மறுக்க இயலாது. அவ்வாண்டிலேதான் இங்கிலாந்திலும் வேல்சிலும் 3,90,127 பேர், திரைப்படமொன்றில் வரும் 'ஜெடாய்' வீரர்களின் சமயமே தமது சமயம் என்று எழுதி வைத்தனர்! பகிடிக்கும் தொகைமதிப்பில் ஓர் எண் உண்டு.

ஆனால் நமது அயல்நாட்டில் இது பகிடியன்று, சோற்றுப் பிரச்சினை. இந்தியாவில் 1950ஆம் ஆண்டுச் சனாதிபதி ஆணையின்படி, அட்டவணைச் சாதியினர்க்குரிய ஒதுக்கீடுகள் இந்துக்களுக்கே கிடைத்தன. 1956இல் சீக்கியர்க்கும், 1990இல் பௌத்தர்க்கும் அவை விரிவுபடுத்தப்பட்டன. கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறிய ஒடுக்கப்பட்ட மகன், தன் மதத்தை உள்ளபடி எழுதினால் பிள்ளையின் கல்லூரி இடத்தை இழக்க நேரிடும். அப்படிப்பட்டவன் வாயில் வரும் விடை வயிற்றையும் பார்த்துத்தான் வரும். இத்தனைக்கும் அஞ்சாது 1956 ஒக்டோபர் 14இல் டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். 1951இல் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரமாக இருந்த இந்தியப் பௌத்தர் 1961இல் 32 லட்சத்தைக் கடந்தனர். அந்த 32 லட்சத்தில் மெய்யாகவே மனித நெஞ்சின் மாற்றம் இருந்தது. சீனத்து 14 கோடியில் அது இல்லை. இரண்டையும் இணையப் பட்டியல் ஒரே எழுத்தில், ஒரே அளவில் அச்சிடுகிறது.

அதே நாட்டில் ஜார்க்கண்டுப் பழங்குடியினரைப் பாருங்கள். சால் மரச் சோலையிலே வழிபடும் தமது நெறிக்குச் சர்ணா என்று பெயர் கூறுவர். 2011இல் 49 லட்சம் பேர் அப்பெயரைத் தாமாகவே எழுதுவித்தனர். சமணர் 44 லட்சத்து 50 ஆயிரம். குறைந்த தொகையினரான சமணர்க்குத் தனி எண் உண்டு. கூடிய தொகையினரான சர்ணாவினர் 'பிற மதங்கள்' என்ற மூட்டைக்குள் கிடக்கின்றனர். தனி நிரல் வேண்டும் என்று ஜார்க்கண்டுச் சட்டசபை 2020 நவம்பரில் தீர்மானமே நிறைவேற்றிற்று. உலகச் சமயப் படத்தில் அவர்களுக்கு இன்னும் ஒரு நிறம் இல்லை.

நீதிமன்றங்களும் இதிற் பங்கு கொண்டவையே. குஜராத்தின் சுவாமிநாராயண சத்சங்கிகள், ஒடுக்கப்பட்டோர் தமது கோயிலுள் நுழைவதைத் தடுப்பதற்காக, "நாம் இந்துக்களே அல்லர்" என்று வழக்காடினர். 1966இல் இந்திய உயர் நீதிமன்றம் அவர்கள் இந்துக்களே என்று தீர்த்தது. சிறுபான்மையினர்க்குரிய கல்வி உரிமையை நாடி இராமகிருஷ்ண மடத்தார் முன்வைத்த அத்தகைய வாதமும் 1995இல் அதே மன்றில் எடுபடவில்லை. சமயப் பெயர் நெஞ்சின் சங்கதி என்று மாத்திரம் நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்புகளை ஒருமுறை வாசித்தல் நன்று. இந்தோனேசியாவிலோ, போர்ணியோத் தீவிலுள்ள தயாக் மக்களின் கஹாரிங்கான் நெறியை 1980இல் இந்து சமயத்தின் கிளையாக அரசு ஏற்றுக்கொண்டது. அரசு ஏற்ற மதங்களுள் ஒன்றில் அடங்கினாலன்றி அந்நாட்டில் ஒரு நெறிக்குப் பாதுகாப்பில்லாத காலம் அது. படத்தில் அத்தீவிலே இந்துக்களைக் கண்டு, சோழன் கப்பல் அங்கும் போனதோ என்று மகிழ்கிற நம்மவரும் உண்டு.

இனி நமது வீட்டுக்கு வருவோம்.

அமெரிக்க மத்திய உளவு நிறுவனம் தொகுத்து வெளியிட்டு வந்த உலகத் தகவல் நூலை அறியாத பத்திரிகையாளர் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்தமையால், பாடநூல் எழுதுவோரும் படம் வரைவோரும் அதனையே நாடினர். அந்நூல் பல ஆண்டுகளாக இலங்கைக்கு எழுதியிருந்த சமயக் கணக்கு இது: பௌத்தர் நூற்றுக்கு 69.1, முஸ்லிம்கள் 7.6, இந்துக்கள் 7.1, கிறிஸ்தவர் 6.2, குறிப்பிடப்படாதோர் 10. பக்கத்திலே '2001 தொகைமதிப்பின் தற்காலிகத் தரவு' என்றும் கண்டிருந்தது.

1981இல் நூற்றுக்கு 15.5 ஆக இருந்த இந்துக்கள் இருபது ஆண்டுகளில் 7.1 ஆகினரா? ஆகவில்லை. 2001ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு 25 மாவட்டங்களுள் 18இல்தான் முற்றுப்பெற்றது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய ஏழிலும் போரினால் அது முடிவுறவில்லை. 1991இல் தொகைமதிப்பே நடைபெறவில்லை. ஆகவே 1981 முதல் 2012 வரை, 31 ஆண்டுகள், இந்த மண்ணில் யார் இருந்தார், யார் இறந்தார், யார் எவ்விடம் பெயர்ந்தார் என்பதற்கு முழுமையான எண்ணிக்கை கிடையாது. எண்ணப்படாத நம்மவரிற் பெரும்பாலோர் அப்பட்டியலில் 'குறிப்பிடப்படாதோர்' என்ற சொல்லுக்குள் போய் ஒடுங்கினர். நல்லூரில் தேர் இழுத்தவரும், மடுவில் முழந்தாளிட்டவரும் மதம் குறிப்பிடப்படாதவராயினர்! திணைக்களம் தன் அறிக்கையில் பதினெட்டு மாவட்டம் என்று எழுதியிருந்தது. பெயர்த்தெழுதியவர்கள் அடிக்குறிப்பை வழியில் தவறவிட்டனர். 2012இல் முழுத் தொகைமதிப்பு நடைபெற்ற பின்னரே இந்துக்கள் 12.6 என்ற எண் வந்து அவ்விடத்தை நிரப்பிற்று.

அந்நூல் பௌத்தத்துக்குப் பக்கத்தில் 'அதிகாரபூர்வமானது' என்ற அடைமொழியையும் சேர்த்திருந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் வழங்குகிறது. ஏனைய மதங்களுக்கு 10ஆம், 14ஆம் உறுப்புரைகளின் உரிமைகளை உறுதி செய்கிறது. அரச மதம் என்ற சொல் அங்கில்லை. முதன்மைத் தானத்தை நாம் விரும்புகிறோமா என்பது வேறு வழக்கு. ஆனால் சட்டத்தில் இல்லாத சொல்லொன்றை, ஒருவரும் சட்டமியற்றாமலே, ஒரு பட்டியல் நம்மேல் ஏற்றிவிட்டதைக் கவனியுங்கள்.

சரி, சரியான எண்களே கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். 1953இல் நூற்றுக்கு 19.9, 1981இல் 15.5, 2012இல் 12.6 என இறங்கும் இந்துக்களின் தொகையை அந்நிய தேசத்து மாணவன் ஒருவன் பார்க்கிறான். சமயப் பற்றுக் குறைந்தது, அல்லது மதமாற்றம் நிகழ்ந்தது என்றுதானே எழுதுவான்? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தை அந்தப் படம் அவனுக்குச் சொல்லாது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, மலையகத்துத் தோட்டத் தொழிலாளரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கியதைச் சொல்லாது. லயத்தின் வாசலிலே வைத்துக் கும்பிட்ட மாடசாமியையும் முனியாண்டியையும் விட்டுவிட்டுத் தலைமன்னாரில் கப்பலேறியவர்களைச் சொல்லாது. பின்னர் யுத்தத்தில் மாண்டவர்களையும், கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஓடியவர்களையும் சொல்லாது.

நமக்குச் சாதகமான சாட்சியத்தை மாத்திரம் எடுத்துரைத்துவிட்டு அமர்ந்தால் நாம் நேர்மையான சட்டத்தரணிகள் ஆகமாட்டோம். யாழ்ப்பாணத்துச் சமயக் கணக்கில் இஸ்லாமியர் நிரலையும் பாருங்கள். 1981இல் இருந்த தொகையும் 2012இல் இருந்த தொகையும் ஒன்றையொன்று நோக்க, இடையில் ஒரு பள்ளம் தெரியும். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள், 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ் நகரத்தவர்க்கு அக்டோபர் 30ஆம் திகதி வழங்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. சோனகத் தெருவில் பாங்கொலி நின்றுபோன காரணத்தை எண் சொல்லாது. நம்மவர்க்கு நேர்ந்ததைப் படம் மறைத்தது என்று முறையிடும் நாம், அயலவர்க்கு நேர்ந்ததையும் அதே குரலில் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

படத்தின் நிறத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பெரும்பாலான உலகப் படங்களிலே ஒரு நாட்டுக்கு ஒரு நிறந்தான். இத்தீவு முழுவதும் பௌத்தத்தின் நிறம் பூசப்பட்டிருக்கும். நெடுந்தீவும் காத்தான்குடியும் பேசாலையும் அந்த நிறத்துக்குள் மறைந்துவிடும். மாவட்ட வாரியாக வரைந்தாலும் சிக்கல் தீராது. கதிர்காமத்துக்கு என்ன நிறம்? தமிழரும் சிங்களவரும் ஒரே தெய்வத்தை வெவ்வேறு பெயர் சொல்லிக் கும்பிடுகின்றனர். அதே வளாகத்தில் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் இருக்கிறது. நயினாதீவில் ஒரே படகில் வந்திறங்குவோர் நாகபூசணி கோயிலுக்கும் நாகவிகாரைக்குமாகப் பிரிகின்றனர். சிலர் இரண்டுக்கும் செல்கின்றனர். நில அளவையாளரின் வரைபடத்தில் ஒரு பரப்புக் காணிக்கு இரு சொந்தக்காரர் இருந்தால் அதற்குப் பங்குரிமை என்ற பெயர் சட்டத்தில் உண்டு. சமயப் படத்தில் அந்தச் சொல்லே கிடையாது. ஒருவருக்குரியது என்று நிறந்தீட்டிய பிறகு, மற்றவர் அங்கே அத்துமீறி நிற்பவராகத் தோன்றுகிறார். குன்றுகளும் பாழடைந்த கோயில்களும் யாருக்குரியன என்ற வழக்குகள் மன்றுகளிலும் மன்றுகளுக்கு வெளியிலும் நடைபெறும் இந்நாட்களில், இது வெறும் பள்ளிக்கூடப் படப் பிரச்சினையாக நமக்குத் தோன்றவில்லை.

ஆகையால் இணையத்தை மூடிவிடுங்கள் என்று நாம் கூறப்போவதில்லை. அதனைக் கொண்டுதான் பியூ நிறுவனத்தின் இரு கணக்கையும் பக்கத்துப் பக்கம் வைத்துப் பார்த்தோம். சாட்சியை விரட்டுவதில் பயனில்லை. குறுக்கு விசாரணை செய்யவேண்டும். எண்ணியவர் யார்? எந்த ஆண்டு? எந்த வாசகத்தால் கேட்டார்? கேளாமல் விட்ட ஊர் எது? விடை சொன்னவனுக்கு அவ்விடையால் இலாபமோ நட்டமோ இருந்ததா? ஆசிரியர்கள் வகுப்பிலே ஓர் உலகப் படத்தைத் தொங்கவிடும்போது இந்த ஐந்தையும் பிள்ளைகளைக் கொண்டு கேட்பித்தால் அரை மணித்தியாலம் செல்லும்.

மற்றொரு வேலை கமக்காரச் சகோதரர்களாகிய உங்களுக்கு. தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடுகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. நமது ஊர்க் கோயில்களில் அத்தகைய ஏடு அரிது; இருந்தவற்றிற் பலவும் இடம்பெயர்வுகளில் அழிந்தன. ஒவ்வொரு கிராமத்திலும் ஓர் ஆசிரியரும் முதியவர் ஒருவரும் சேர்ந்து, அயலிலுள்ள கோயில், தேவாலயம், பள்ளிவாசல், வயல் வரம்பிலே சூலம் நாட்டிய வைரவர் என ஒன்றும் விடாது எழுதுங்கள். ஊரவர் வழங்கும் பெயரையே எழுதுங்கள். அழகான சமஸ்கிருதப் பெயரைத் தேடவேண்டாம். காணி உறுதி இலக்கம் இருந்தால் அதையும், ஒல்லாந்தர் காலத் தோம்பில் பெயர் இருப்பதாக யாரேனும் கூறினால் கூறியவர் பெயரோடு அதையும் எழுதுங்கள். முன்பு வழிபட்டு, இப்போது ஊரிலில்லாத குடும்பங்களுக்கு, அவர்கள் எச்சமயத்தவராயினும், தனிப் பக்கம் விடுங்கள். முதற் பக்கத்திலே விபரம் எழுதியவர் பெயரும், திகதியும், வீடு வீடாகக் கேட்ட கேள்வியின் சரியான வாசகமும் இருக்கவேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கோயிற் பெட்டகத்திலும் மற்றதைப் பிரதேச நூலகத்திலும் வையுங்கள்.